வாசலில் நான் வைத்த பலகை

அடையாறில் மூலிகைகளை ஆராயும் எங்கள் ஆய்வகத்தின் வாசலில் நித்யகல்யாணிச் செடிகள் பூத்துக் கிடக்கும். 'புற்றுநோய் மருந்துச் செடி' என்று பலகை வைத்தது நான்தான். ஓர் ஆட்டோக்காரர் தினமும் காலையில் வந்து பறிப்பார். சாமிக்கு என்று நினைத்து விட்டுவிடுவேன்.

ஒருநாள் வேரோடு பிடுங்கினார். அதட்டினேன்.

"பொண்ணுக்கு ரத்தப் புத்துநோய் மேடம். ஆஸ்பத்திரி ஊசிய நிறுத்திட்டு, இதைத்தான் கஷாயம் வெச்சுக் குடுத்துக்கினு கீறேன்."

"ஐயோ, அந்த ஊசி மருந்தே இந்தச் செடியிலேர்ந்து பிரிச்சு எடுத்ததுதாங்க. இப்படிக் குடிச்சா விஷம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அப்போ போர்டுல போட்டுக்கீறது பொய்யா?"

பொய்யில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றே மறுபடியும் சொன்னேன்.

குழந்தை பிழைக்கவில்லை என்று அவர்தான் வந்து சொன்னார். பலகையை எடுத்துவிட்டேன். இப்போது யார் பூப்பறித்தாலும் எதற்கென்று ஓடிப்போய்க் கேட்கிறேன். எல்லோரும் சாமிக்கு என்றுதான் சொல்கிறார்கள்.