முப்பது வரி, இருபத்தொன்பது அணி

அக்டோபர் வந்தால் எங்கள் கூடைப்பந்து மன்றத்தில் எல்லோருக்கும் அமெரிக்கா அத்துப்படி ஆகிவிடும். பூந்தமல்லியில் ஒரு தேவாலய வளாகத்தின் பின்புறம் இருக்கும் சிமெண்ட் கோர்ட் எங்களுடையது. ஒரு பக்க வளையத்தில் வலை கிடையாது. மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு தினமும் விளையாடும் முன் தரையைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் புழுதி வழுக்கும். கூட்டுவதற்கு ஆள் வராத அந்த மன்றத்தில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் முப்பது அணிகளில் எது எத்தனையாவது இடத்தில் முடியும் என்று சொல்வதற்கு மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல, போட்டி. சீசன் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அணியை எழுதி, கையெழுத்திட்டுச் செயலாளரிடம் தர வேண்டும். ஏப்ரலில் லீக் சுற்று முடிந்ததும், நாம் எழுதிய இடத்துக்கும் அணி பிடித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். யாருக்குக் குறைவோ அவர் வெற்றியாளர். பரிசாகக் கோப்பை எதுவும் இல்லை. அடுத்த ஓராண்டுக்குக் கோர்ட்டின் நேர அட்டவணையை வெற்றியாளர்தான் போடுவார். முன்பு நேரத்துக்காகத் தினமும் சண்டை நடந்ததாம். சீட்டுக் குலுக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, அதில் அதிர்ஷ்டம்தான் இருக்கிறது, அறிவு இருப்பவன் முடிவு செய்யட்டும் என்று இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்த அறிவு எனக்குத் தெரிந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரே அட்டவணையைத்தான் போட்டிருக்கிறது. பெண்களுக்கு நாலரை முதல் ஐந்தரை. பிறகு ஆண்கள். ஆறரைக்கு விளக்கு எரியும், அதன் கீழும் ஆண்கள்.

நாலரை மணிக்கு வேலையில் இல்லாத பெண்கள் வரலாம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். எனக்குக் காலை ஷிஃப்ட் என்பதால் அடித்துப் பிடித்து வந்துவிடுவேன். என் தோழியால் முடியாது. எங்கள் அணியிலேயே நன்றாக ஆடுபவள் அவள்தான். திருமழிசையில் ஒரு பேக்கிங் பிரிவில் ஐந்தரை வரை வேலை, பஸ் பிடித்து வந்து சேர ஆறேகால் ஆகும். ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வு ஜூலையில். அதற்கடுத்த ஜூலையில் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தைத் தொட்டுவிட்டு அந்தத் தேர்வுக்குப் போக முடியாது. அவளுக்கு விளக்கு எரியும் நேரம் வேண்டும்.

போன ஆண்டு அவளே பட்டியல் எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பதாவது வரியை எழுத மறந்திருந்தாள். செயலாளர் உடனே மன்ற நோட்டில், 'முப்பது அணிகளும் இடம்பெறாத பட்டியல் செல்லாது' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை நிரப்பித் தருகிறேன் என்று அவள் கேட்டதற்கு, ரூல்ஸ் ரூல்ஸ்தான் என்றார்.

இந்த ஆண்டு நான் எழுதினேன். மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முந்தைய சீசனின் வெற்றி தோல்வி, முக்கிய ஆட்டக்காரர்களின் வயது, காயத்தால் உட்கார்ந்த நாட்கள், கோடையில் யார் எங்கே மாறினார்கள், பயிற்சியாளர் புதியவரா பழையவரா, தொடர்ந்து இரண்டு நாள் ஆட வேண்டிய ஆட்டங்கள் எத்தனை. பத்திபத்தியாகப் பிரித்து எழுதினேன். அளக்காத எதையும் நம்பக்கூடாது என்பதுதான் என் வேலை.

மற்றவர்கள் பட்டியல் தயாரித்த விதத்தையும் பார்த்தேன். செயலாளரையும் சேர்த்து ஆறு பேர். ஒருவர், ஓர் ஆட்டக்காரரின் ஷூவை வாங்கிவிட்டதால் அந்த அணியை முதலிடத்தில் வைப்பவர். இன்னொருவர், தனக்குப் பிடிக்காத அணியை முப்பதாவதாக எழுதிவிட்டுப் பழி தீர்த்துக்கொண்ட முகத்தோடு சிரிப்பவர். ஒருவர் போன நூற்றாண்டிலேயே நின்றுவிட்டார், ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்தத் தனித்தன்மை எல்லாம் இரண்டு மூன்று வரிகளோடு சரி. மீதிக்கு, ஒரு வீடியோ சேனலில் தொண்டை கிழியக் கத்தும் ஓர் ஆள் போட்ட பட்டியலின் படம் அவர்கள் குழுவில் வந்திருந்தது. டீக்கடையில் நின்றபடியே அதைப் பார்த்து எழுதினார்கள். ஆறு பேரும்.

ஏழு தாள்களையும் செயலாளர் மன்றப் பலகையில் குத்தி வைத்தார். நான் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஆறு தாளிலும் ஒரே அணி இரண்டு முறை வந்திருந்தது. நாலாவது இடத்துக்குப் பக்கத்தில் ஊரின் பெயரால், இருபத்திரண்டாவது இடத்துக்குப் பக்கத்தில் அணியின் செல்லப் பெயரால். இரண்டும் ஒன்றுதான் என்று கத்துகிற ஆளுக்கும் தெரியவில்லை, எங்கள் நிபுணர்களுக்கும் தெரியவில்லை. அதனால் வேறோர் அணி பட்டியலிலேயே இல்லை.

அங்கேயே சொன்னேன். "அண்ணே, எல்லாரும் ஒரு தடவ சரிபாத்துக்கங்க. உங்க லிஸ்ட்ல ஒரு டீம் குறையுது."

செயலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முப்பது வரி கீதும்மா. நம்பர் போட்டுத்தானே எழுதிக்கீறோம்."

"வரி முப்பது இருக்கு. டீம் இருபத்தொம்பதுதான். சீசன் ஆரம்பிக்க இன்னும் நாலு நாள் இருக்குண்ணே, மாத்திக்கலாம்."

"இன்னா மாமே, மேடம் நமக்கே எண்ணக் கத்துத் தருது" என்றார் ஷூக்காரர்.

"நீ மொதல்ல உன்னோடத பாரு தங்கச்சி" என்றார் பழிவாங்குபவர். "அந்த டீமப் போயி ரெண்டாவது போட்டுக்கீறே. சின்னப் புள்ளகூடச் சிரிக்கும்."

எந்த அணி குறைகிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது தோழி, "எதுன்னு நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

"கேக்கலையே."

"சொல்லிட்டு ஜெயிச்சா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கணுமா, லைட் வேணுமா?"

அவளுடைய பஸ் வந்துவிட்டது.

ஆட்டங்கள் நமக்குக் காலையில் நடக்கும். பூந்தமல்லியிலிருந்து எஸ்டேட் போகிற பஸ்ஸில் காதில் இயர்போனோடு வாரத்துக்கு நாலைந்து ஆட்டம் பார்த்தேன், கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவர்கள் மாலையில் பத்து நிமிடச் சுருக்கம் பார்த்துவிட்டு, பயிற்சியாளரை எப்போது நீக்க வேண்டும் என்று பேசுவார்கள். பட்டியலில் இல்லாத அந்த அணி அந்த ஆண்டு நன்றாகவே ஆடியது. அதன் இளம் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஆறு பேரும் வாரக்கணக்கில் வாதாடினார்கள். அந்த அணியை நாம் எத்தனையாவது எழுதினோம் என்று ஆறு மாதத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், விருப்பமில்லாவிட்டாலும். நான் இரண்டாவதாக எழுதிய அணியின் முக்கிய ஆட்டக்காரருக்கு நவம்பரிலேயே முழங்கால் போனது. ஜனவரியில் அந்த அணி கீழிருந்து மூன்றாவதாக இருந்தது. ஆறாவதாக எழுதியது பதினெட்டில் கிடந்தது. காயத்துக்கென்று தனிப் பத்தியே போட்டிருந்தேன். அவருடைய பழைய காயம் தோளில், அதனால் தோளைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன்.

"மேடம், உங்க ரெண்டாவது டீம் எங்க கீது? தேடினே கீறோம்" என்று ஷூக்காரர் தினமும் கேட்பார். "கீழ கீது மச்சான், கால்ல மாட்டப் போவுது, பாத்து நட" என்பார் அடுத்தவர். டீக்கடையில் நின்று எழுதிய தாள்கள் என் மூன்று வாரத்தைவிட உண்மைக்கு அருகில் இருந்தன. அது எனக்கு இன்றும் எரிச்சல்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு கோர்ட் ஓரத்தில் கூடினோம். செயலாளர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, லீக் முடிவை மேலிருந்து ஒவ்வோர் அணியாக வாசித்தார். அவரவர் தன் இடத்தைச் சொல்ல, அவர் வித்தியாசத்தை எழுதினார். என் முறை வரும்போதெல்லாம் சிரிப்பு. பதினாலாவது அணியை வாசித்ததும், எனக்கு முன் சொல்ல வேண்டிய ஆறு பேரும் தங்கள் தாளில் அதைத் தேடினார்கள். செயலாளர் தன் தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் மேலே போனார்.

"இன்னாது, காணோம்?"

"என்னுதுலயும் இல்ல மாமே."

"பிரிண்டு மிஸ்டேக்கா இருக்கும்."

"கையால எழுதினதுல இன்னாடா பிரிண்டு?"

ஒரே அணி இரண்டு பெயரில் இருப்பதைக் காட்டினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செயலாளர் நோட்டை மூடினார். "சரி, இந்த வருசம் போட்டி கேன்சல். பழைய டைமே இருக்கட்டும்."

நான் பேசுவதற்குள் தோழி எழுந்தாள். அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்து, போன ஆண்டுப் பக்கத்தைத் தேடி, நின்றபடி வாசித்தாள். "முப்பது அணிகளும் இடம்பெறாத பட்டியல் செல்லாது. இது எனக்கு எழுதினதுண்ணே. கீழ உங்க கையெழுத்து கீது."

"அது வேறம்மா."

"எப்டி வேற?"

"நீ வரிய வெத்தா உட்டுட்ட. நாங்க எழுதிக்கீறோம்ல?"

"நான் ஒரு டீம உட்டேன். நீங்களும் ஒரு டீம உட்டீங்க. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா?"

மற்றவர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தார். கடைசியில் ஷூக்காரர்தான், "உடு மாமே. நம்ம போட்ட ரூல்ஸு" என்றார். அதுவரைக்கும் கணக்கில் அவர்தான் முதலாவதாக இருந்தார்.

செல்லக்கூடிய பட்டியல் என்னுடையது ஒன்றுதான். மீதி அணிகளையும் வாசித்து என் மொத்தத்தை நோட்டில் எழுதச் சொன்னேன். வெட்கப்பட வேண்டிய எண். எல்லாத் தாளும் செல்லுபடியாகியிருந்தால் ஏழு பேரில் நான்தான் கடைசி. அதையும் எழுதுங்கள் என்றேன். செயலாளர் அதை மட்டும் சந்தோஷமாக எழுதினார்.

அட்டவணையை அங்கேயே போட்டேன். செவ்வாய், வியாழன், சனி ஆறரை முதல் எட்டு வரை பெண்கள். அந்த நாட்களில் ஆண்களுக்கு நாலரை முதல் ஐந்தரை.

"அந்த டைம்ல எல்லாருக்கும் வேல கீதேம்மா" என்றார் செயலாளர்.

"ஆமாண்ணே" என்றேன்.

முதல் செவ்வாய் அன்று பெண்கள் ஒன்பது பேர் வந்தோம். ஆண்கள் நாலு பேர் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தோழி ஆறரைக்குச் சரியாக வந்து, கம்பெனிச் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினாள். விளக்கு ஒரு பக்கத்தில் மட்டும்தான் எரிகிறது. அவள் விளக்கு வெளிச்சத்தில் ஆடியதே இல்லை. தன் நிழலே பந்தின் மேல் விழ, முதல் ஐந்து ஃபிரீ த்ரோவும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. இடது பக்கமாக ஓடி வளையத்தை ஒட்டிப் போட்ட லே-அப்பும் இரண்டு முறை தவறியது.

"இவளப் போய் செலக்ட் பண்ணாங்கன்னா நான் மீசைய எடுத்துக்கிறேன்" என்றது சுவரில் ஒரு குரல்.

"உனுக்கு எங்கடா கீது மீச?"

அவள் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வியர்வை வழிந்தது. "அக்கா, நெஜமா சொல்லுங்க. எடுப்பாங்களா?"

"தெரியல. எடது பக்கம் லே-அப் போன ரெண்டு தடவையும் வலது கைக்கு மாத்திட்ட. அங்கேர்ந்து ஆரம்பி."

அவள் இடது பக்கம் போய் நின்றாள். மணி ஆறு ஐம்பது. இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது.