தெஹிவளைச் சருகு

எட்டு வயதில் என்னை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டிவந்தார்கள். வெள்ளவத்தையில் இருக்கிறோம் என்று ஊரில் எல்லாருக்கும் சொன்னோம். உண்மையில் எங்கள் வாடகை வீடு வெள்ளவத்தை முடிந்து நாலைந்து அடி தள்ளி இருந்தது. எங்கள் குறுகிய ஒழுங்கையின் குறுக்கே ஓடிய சிறு கழிவுநீர்க் கானோடு கொழும்பு மாநகரசபை முடிந்துவிடும். எங்கள் கேற் தெஹிவளைச் சபையைச் சேர்ந்தது. முந்தி இரண்டுக்கும் இடையில் வெறும் வளவுகள்தானாம். பிறகு வீடுகள் வளர்ந்து ஒட்டிக்கொண்டன, சபைகள் மட்டும் ஒட்டவில்லை என்று எங்களைப் பார்க்க வந்த மாமா ஒருநாள் சொன்னார். எனக்கு அதில் அக்கறை இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அப்பா லண்டனில். அம்மா வேலைக்குப் போனால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வருவார். பகல் முழுவதும் என்னோடு கதைத்த ஒரே ஆள், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒழுங்கை கூட்ட வந்த அக்கா. கொழும்புச் சபைக்காகக் குத்தகைக்குக் கூட்டும் ஏதோ கம்பனியில் வேலை. கான்வரை கூட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

"அக்கா, எங்கட வாசலையும் கூட்டுங்கோவன்."

"அது தெஹிவளை பாப்பா. அதுக்கு வேற ஆளு வருவாங்க."

குப்பை அள்ளும் நேரம் மட்டும் நின்று கதைப்பார். குப்பை குறைந்த நாளில் இரண்டு வார்த்தைதான். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா போனதும் கேற்றைத் திறந்து, எங்கள் வளவுச் சருகையெல்லாம் தும்புத்தடியால் கூட்டிக் கானுக்கு அப்பால் தள்ளினேன். அன்று அக்கா கால்மணி நேரம் நின்றார். தன் மகளுக்குப் பல் விழுந்த கதை சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் வாழைப்பழத் தோல், பால்மாப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினேன். கதையும் நீண்டது.

ஒருநாள் அக்கா வருவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கம்பனிக்காரர் ஒருவர் வந்து அந்தக் குவியலருகே நின்றார். அக்கா வந்ததும் சப்பாத்தால் அதைக் கிளறிக் காட்டிச் சிங்களத்தில் கத்தினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். தும்புத்தடி என் கையில்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள்காரர் போனபிறகு மெல்லக் கேட்டேன்.

"அக்கா, கோவமா?"

"இல்ல பாப்பா. நீ உள்ள போ. கேட்டப் பூட்டிக்க."

அடுத்த நாள் வேறொருவர் வந்தார். கான்வரை கூட்டினார், போனார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா என்னோடு கோபம் என்றே முடிவுகட்டினேன். கோபம் ஆறியதும் வருவார், வந்தால் கொடுக்கலாம் என்று தினமும் இரண்டு பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கேற்றடியில் நின்றேன். பள்ளிக்கூடம் கிடைக்கும்வரை அப்படி நின்றேன். கோபம் இல்லாமலும் ஓர் ஆள் வராமல் போகலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.