கோதுக்குள் பார்க்கிறவர்

கைத்தொலைபேசியை அரிசி வாளிக்குள் போடச் சொல்கிறார் சச்சிதானந்தன். கராஜ் வாசலில் மூடியோடு இருக்கும் பழைய பாஸ்மதி வாளி அது. முதலில் தன்னுடையதைப் போடுகிறார், பிறகு வந்தவருடையதை வாங்கிப் போட்டு மூடியை அழுத்துகிறார். அடுத்தது சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை. வீட்டுக்குள் போகும் கதவின் குறுக்கே அதை இழுத்து வைத்துவிட்டால், வீடு பற்றி எரிந்தாலும் யோகா கதவைத் தட்டக்கூடாது. "எரிஞ்சா முதல்ல இவற்ற வெடிமருந்துதானே எரியும், எனக்குத் தட்டிற வேலையே இல்லை" என்பார் யோகா. அவர் சச்சியின் மனைவி. இந்த மனிதரோடு வாழ்ந்து பழகிய நக்கல் அது.

இன்றைக்கு வந்திருப்பவர் சுதர்சன். கோயம்புத்தூர்க்காரர், மெல்பனில் கிளென் வேவர்லியில் வீடு, கணினி வேலை. நாற்பதைக் கடந்தபின் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்து, உரிமம் எடுத்து, இப்போது துப்பாக்கி ரவையையும் வீட்டிலேயே நிறைக்கப் பழக வேண்டும் என்று டண்டினொங்குக்கு வந்து நிற்கிறார். சுட்டு முடிந்ததும் வெளியே விழும் பித்தளைக் கோதை எறியாமல் துப்புரவாக்கி, அச்சில் கொடுத்து அளவாக்கி, அடியில் பொறி கிளப்பும் புதுப் பிறைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் பாய்ந்துபோகிற சன்னத்தைப் பொருத்தினால் அது மறுபடி ரவை. வேலை அவ்வளவுதான். "கஷ்டம் ஒண்டும் இல்லை. இடியப்பம் பிழியத் தெரிஞ்சாச் சரி" என்று தொடங்குவார் சச்சி. சுதர்சன் சிரித்து முடிப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுவார்: "ஆனா இடியப்பம் பிழைச்சா உதிர்த்துப்போட்டுச் சீனி போட்டுத் திண்ணலாம்."

மேசையில் ஒரேயொரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இரண்டாவது டப்பா பூட்டிய அலுமாரிக்குள் இருக்க வேண்டும். மேசையின் மூலையில்கூட வைக்கக்கூடாது. எந்தச் சன்னத்துக்கு எவ்வளவு மருந்து என்பது அவருக்கு மனப்பாடம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் மருந்துக் கம்பெனியின் புத்தகத்தை விரித்து அந்த வரியில் விரல் வைத்துத்தான் தராசைத் தொடுவார். கண்ணாடி போடாதவருக்கு மேசைக்குக் கிட்ட இடம் இல்லை. தேத்தண்ணி இல்லை, பாட்டு இல்லை, ஊர்க்கதை இல்லை. தமிழன் இரண்டு பேர் சேர்ந்து கதைக்காமல் இருக்கும் ஒரே இடம் மெல்பனில் இந்தக் கராஜ்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

மருந்து போட்ட கோதுகள் ஓட்டைப் பலகையில் வாய் திறந்தபடி வரிசையாக நிற்கும்போது சச்சி ரோச்லைற்றை எடுக்கிறார். சன்னம் வைத்து மூடுமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் அடித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா, ஒன்றில் இல்லாமல் போயிற்றா, ஒன்றில் இரண்டு தரம் விழுந்துவிட்டதா. பார்த்ததும் வாய்விட்டு "பார்த்தாச்சு" என்று சொல்ல வேண்டும். சுதர்சனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிறமாதிரி இருக்கே சார் என்றார். சச்சி சிரிக்கவில்லை. சுதர்சன் முடித்தபின் அவர் மற்றப் பக்கத்திலிருந்து தொடங்கி அதே கோதுகளைத் தானும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "பார்த்தாச்சு" சொன்னார். பிறகு சொன்னார்: "சந்தேகம் வந்தா யோசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. எல்லாத்தையும் கொட்டிப்போட்டு முதல்ல இருந்து வாங்கோ. யோசிச்சா மனம் தனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லும்."

சச்சி தன் கையால் ஒரு ரவையும் நிறைப்பதில்லை என்பதைச் சுதர்சன் கவனிக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், பக்கத்தில் நின்று காவல் காக்கிறார், அச்சின் பிடியை மட்டும் தொடமாட்டார். போன இலையுதிர் காலத்திலிருந்து இப்படித்தான்.

டண்டினொங் தெற்கில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் சரிபார்ப்பது அவருடைய வேலை. ஊரில் துவக்குச் சத்தத்துக்கு ஓடியவர் இங்கே வந்து காசு கொடுத்துத் துவக்கு வாங்கியிருக்கிறார் என்று கோயிலில் வைத்தே பகிடி பண்ணுவார்கள். அவர் கோபிப்பதில்லை. இங்கே சுட்டால் கடதாசியில் மட்டும்தான் ஓட்டை விழும், எல்லாரும் சுட்டு முடித்து, சிவப்புக் கொடி இறங்கி, பிறகு சேர்ந்துபோய் ஓட்டையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டு வரலாம், அது தனக்குப் பிடித்திருக்கிறது என்பார். அவரைப் பின்பற்றிக் கழகத்தில் சேர்ந்தவர் விக்னராஜா. ஒரே ஊர், ஒரே படகு, ஒரே முகாம். அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்லலாம்.

அதுவரைக்கும் சச்சியின் வீட்டிலிருந்து எவரும் வெறுங்கையோடு போனதில்லை. மெல்பன் குளிரில் கறிவேப்பிலை மரத்துக்குப் போர்வை போர்த்தி வளர்க்கிற மனிதர். போகிறவர் காரில் ஏறுமுன் ஓடிவந்து ஒரு பை நிறையத் திணிப்பார்: கறிவேப்பிலை, பச்சைமிளகாய், அதுவும் இல்லையென்றால் யோகா பொரித்த மிளகாய்வடகம். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் எவரும் சொல்வதில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் விக்னராஜாவும் மனைவி சிவகௌரியும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. விக்னராஜாவுக்குத் தோளில் நோவு, துவக்கு உதைத்தால் தாங்காது. அவனுக்கென்று மெதுவான ரவை ஒரு பெட்டி நிறைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று சச்சிக்கு ஆசை. மெதுவான ரவைக்கு மருந்து கொஞ்சம்தான், கோதின் பாதிக்கும் வராது. ஆகவே தவறி இரண்டு தரம் போட்டாலும் கோது வழியாது, உள்ளே பேசாமல் இருந்துவிடும். அரைவாசியில் வாசல் மணி அடித்தது. சச்சி எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வா மச்சான் என்று கட்டிப்பிடித்து, இருக்க வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விட்ட இடம் அதுதானா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ரோச் அடித்தாரா என்பதும் தெரியாது. அடித்தது போலவும் இருக்கிறது, அடிக்க வேண்டும் என்று நினைத்தது போலவும் இருக்கிறது.

ஒருவர் நிறைத்த ரவையை இன்னொருவர் சுடக்கூடாது என்பது கழகத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். இருவருக்கும் அது தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்தவனைச் சும்மா அனுப்பச் சச்சிக்கு வரவில்லை, ஆசையாகத் தந்ததை வேண்டாம் என்று சொல்ல விக்னராஜாவுக்கும் வரவில்லை. கறிவேப்பிலைப் பையோடு சேர்த்து அந்தப் பெட்டியும் காரில் ஏறிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விக்னராஜாவின் துவக்கு அவர் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. கண்ணாடியின் ஓரத்தால் புகுந்த பித்தளைச் சிதறல் வலது கண்ணைக் கொண்டுபோயிற்று.

கழகத்து அதிகாரி விசாரித்தபோது விக்னராஜா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, துவக்கு பழசு, இரும்பு களைத்துப்போயிற்று என்றார். ரவை கடையில் வாங்கியது, மிச்சம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். வீட்டுக்கு வந்த கையோடு, மிச்சம் இருந்த பெட்டியை ஒரு சாப்பாட்டுப் பைக்குள் வைத்துச் சச்சியிடம் கொடுத்தார். அந்த ரவைகளைக் கழற்றி உள்ளே இருக்கும் மருந்தை நிறுத்துப் பார்த்தால் ஒரே பின்னேரத்தில் உண்மை தெரிந்துவிடும். சச்சி அதை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார், அவ்வளவுதான்.

பிறகுதான் இந்த வாளியும் கதிரையும் "பார்த்தாச்சு"வும் வந்தன. இன்னொன்றும் வந்தது, அதை யோகா மட்டும்தான் கண்டிருக்கிறார். தேத்தண்ணி ஊற்றுமுன் சச்சி வெறும் கோப்பையைச் சரித்து உள்ளே பார்க்கிறார். சோறு போடுமுன் தட்டையும், காலில் மாட்டுமுன் சப்பாத்தையும், பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தையெல்லாம் பார்க்கிறார். அப்போது யோகா குசினியின் மறுபக்கம் திரும்பி நின்றுகொள்வார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போது அவர் ஒன்றும் கொடுப்பதில்லை. கறிவேப்பிலை மரம் காடாக வளர்ந்து நிற்க, விருந்தாளிகள் வெறுங்கையோடு போகிறார்கள். மானம் போகிறதே என்று யோகாதான் பின்வாசலால் ஓடிப்போய்க் காருக்குள் இரண்டு கொத்துப் போட்டுவிட்டு வருகிறார்.

சுதர்சன் போகுமுன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தன்னுடைய சாமான் எல்லாம் வந்து சேர இன்னும் நாளாகும், அதுவரைக்கும் சார் நிறைத்தது ஏதாவது இருந்தால் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று. சச்சியின் முகம் செத்துப்போயிற்று. "நான் யாருக்கும் குடுக்கிறேல்ல" என்றார். சுதர்சன் சாரி சார் என்று சொல்லி வாளிக்குள்ளிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருடைய கார் விலகிய இடத்தில் விக்னராஜாவின் கார் வந்து நின்றது.

இந்தக் கராஜுக்குள் அவர் கண் போனபிறகு வந்ததில்லை. கோயிலில் காண்பார்கள், கல்யாணவீட்டில் காண்பார்கள், சுகம் விசாரித்துக்கொள்வார்கள். சச்சி பழக்கதோஷத்தில் சுவர்க் கொளுவியில் தொங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். நீட்டியபிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது, கையை இழுக்கவும் முடியவில்லை. விக்னராஜா அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். "மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துவம்" என்றார்.

பிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னார். அந்தத் துவக்கைத் தனக்கு விற்றது கழகத்தின் பழைய ஆள் கெவின். துவக்கு பழசு என்று விக்னராஜா சொன்ன நாளிலிருந்து, தான் விற்றதால்தான் கண் போயிற்று என்று நம்பி, கெவின் தானும் சுடுவதற்குப் போவதில்லை. தன்னுடைய துவக்கு எல்லாவற்றையும் பொலிசில் கொடுத்துவிட்டார். அதோடு நிற்காமல், புல் வெட்டும் இயந்திரத்தை ட்ரெய்லரில் கட்டிக்கொண்டு வந்து விக்னராஜாவின் வளவுப் புல்லை வெட்டிக் கொடுக்கிறார். எத்தனை தரம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கிறாரில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், முதுகு வளையாது, வெட்டி முடித்துக் கேற்றடியில் நின்று அழுகிறார்.

"நேற்றும் வந்து வெட்டினவர். எனக்கு ஏலாது மச்சான். கண் போனதைவிட இது ஏலாமக் கிடக்கு" என்றார் விக்னராஜா. "அந்தப் பெட்டியை எடு."

சச்சி எடுத்தார். சிவப்புக் கதிரையை வாசலில் வைக்க மறந்துவிட்டார். ரவையைக் கழற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் ரவையை வைத்துக் கட்டையில் அடித்தால் சன்னமும் மருந்தும் பிரிந்து உள்ளே விழும். முதலாவதைக் கழற்றி மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். சரியான அளவு.

"சரியோ?"

"சரி."

அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. விக்னராஜா திரும்பவில்லை, ஒவ்வொரு அடிக்கும் பிறகு அதே கேள்வியை மட்டும் கேட்டார். தராசு அவருடைய வலப்பக்கத்தில், கண் இல்லாத பக்கத்தில் இருந்தது. சச்சி சொல்வதுதான் அவருக்குச் சேதி. கழற்றக் கழற்ற எல்லாம் சரியாகவே வந்தன. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அசைவதைச் சச்சி உணர்ந்தார். துவக்கு பழசாகவே இருந்திருக்கலாம். உலகத்தில் எத்தனை பழந்துவக்கு வெடிக்கிறது. ரோச் அடித்துத்தான் இருப்பேன், அடிக்காமல் நான் விடுகிறவனா. அந்த எண்ணம் வந்ததும் கண் கலங்கிற்று, யோகாவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. பெட்டியின் கடைசி வரிசையிலிருந்து இன்னொன்றை எடுத்து அடித்துக் கொட்டினார்.

தட்டில் மருந்து குவிந்தது. முன்னையவற்றைப்போல இரண்டு மடங்கு. நிறுக்கவே தேவையில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் யாரோ காருக்குத் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது.

"சரியோ?" என்றார் விக்னராஜா.

சரி என்ற சொல் சச்சியின் வாய்க்குள் வந்து நின்றது. இத்தனை தரம் சொன்ன சொல், இன்னும் ஒருமுறை சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான், கேட்கவேமாட்டான். மருந்தை டப்பாவுக்குள் கொட்டிவிட்டால் தட்டு வெறும் தட்டு. கெவின் அடுத்த கிழமையும் வந்து புல் வெட்டுவார். சச்சி எழுந்தார். தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி, ஒரு துகள் சிந்தாமல், விக்னராஜாவின் கதிரைக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றிப்போய், அவருடைய இடப்பக்கத்தில், கண் இருக்கிற பக்கத்தில், மேசைமேல் வைத்தார். பிறகு ரோச்லைற்றை எடுத்து அதன்மேல் அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.