சுலோசனா வளர்த்த ஆடாதொடை

நெல்லித்தோப்பில் சுலோசனா குடியிருந்த வீட்டின் பின்பக்கம் வெயிலே படாது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியதிலிருந்து அந்தத் துண்டு நிலம் இருட்டுக் கட்டிப்போனது. மல்லி வைத்தாள், பட்டுப்போனது. கத்திரி வைத்தாள், காய்க்கவில்லை. 2003இல் மழையும் ஏமாற்றிவிட, குடிதண்ணீருக்கே குழாயடியில் வரிசை. செடிக்கு எங்கே ஊற்றுவது?

அந்த வருஷம்தான் அவள் புருஷன் கன்னியப்பனுக்கு இருமல் பிடித்தது. பதினெட்டு வருஷமாகப் பஞ்சாலையில் வேலை; பஞ்சுத் தூசுதான் காரணம் என்று இருவரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வேணாம் சுலோசனா, இருமுறேன்னு தெரிஞ்சா மில்லுல கழிச்சிடுவானுங்க" என்பான்.

அவளும் விட்டுவிட்டாள். இருமலுக்குக் கேட்கும் என்று தங்கை வீட்டு வேலியிலிருந்து ஆடாதொடைக் குச்சி நான்கு ஒடித்துவந்து சுவரோரம் ஊன்றினாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினாள். நான்கும் துளிர்த்தன. அந்த நிழலிலும் இலை கையகலத்துக்குக் கரும்பச்சையாக விரிந்தது. கோடையில் பத்து நாள் தண்ணீர் காட்டாவிட்டாலும் வாடவில்லை.

தினமும் ஐந்து இலை பறித்து, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். அவனுக்குச் சளி இளகியது. தெருவில் பலரும் வந்து இலை கேட்டார்கள், கைராசிக்காரி என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்கு இனித்தது. அவன் சட்டை தோளில் தொளதொளத்ததையும் சாயங்காலக் காய்ச்சலையும் பார்க்காமலில்லை. இன்னும் இரண்டு இலை கூடுதலாகப் போட்டாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு எட்டாவது படித்த மகள் துர்காவும் இருமத் தொடங்கினாள். அவளுக்கும் இலை பறிக்கச் சுலோசனா குனிந்தபோது துர்கா பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா கர்சீப்புல ரத்தம் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லாதன்னாரு."

அன்றைக்கே இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளிப் பரிசோதனையில் இருவருக்கும் காசநோய்.

"கஷாயம் குடுத்துட்டு இருந்தேங்க" என்றாள் டாக்டரிடம்.

"அது சளியை இளக்கும்மா. நோயை எப்படி ஆத்தும்?"

மாதக்கணக்கில் நர்சம்மா முன்னால் நின்று மாத்திரை விழுங்கினார்கள். துர்கா தேறிவிட்டாள். கன்னியப்பனுக்கு வலது நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மில் வேலையும் போயிற்று.

ஒருநாள் சுலோசனா அரிவாளோடு பின்பக்கம் போய் நான்கு செடியையும் அடியோடு வெட்டிப்போட்டாள். சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்தபடி வந்தான் கன்னியப்பன்.

"உடும்மே. அது இன்னா பண்ணுச்சு? ஆஸ்பத்திரி வேணாம்னது நான்தான?"

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த மழைக்கு அடிக்கட்டைகள் தழைத்தன. அவள் தொடவுமில்லை, தண்ணீர் ஊற்றவுமில்லை. ஒரு காலையில் எதிர்வீட்டு ரமீஜா வந்து, "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மூணு வாரமா இருமலு. கொஞ்சம் எலை குடுங்க" என்றாள்.

சுலோசனா இலை பறிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அவரைக் கூப்பிடு ரமீஜா. நானும் வரேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."