குற்றாலத்தில் பேய்ப்படம் பார்த்த மதியம்

பேய்க்கு ஃப்ளாஷ்பேக் வைக்கிற படம் எனக்குப் பிடிக்காது. அதுவரைக்கும் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுங்கியிருப்பேன். திடீரென்று மஞ்சள் வெளிச்சத்தில் பேய் உயிரோடு இருந்த காலம் வரும். அது காதலிக்கும், ஏமாறும், கிணற்றில் விழும். அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? பாவமாகத்தான் இருக்கும். தியேட்டருக்கு வருகிற பேய்ப்படங்களில் முக்கால்வாசி இந்த வகைதான். மிச்சத்தில் காமெடி நடிகர்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள்.

நான் தேடித்தேடிப் பார்ப்பது யாருக்கும் அதிகம் தெரியாத படங்களை. ஒரு தீவு நாட்டுப் படத்தில், மீன் பிடிக்கப் போன படகு ஆள் இல்லாமல் தானாகக் கரைக்குத் திரும்பும். உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். ஊரே அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பேய் வராது, ரத்தம் வராது. சோறு பொங்கி வழியும்போது எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. மலையாளத்தில் ஒரு சின்னப் படம் உண்டு. மாடியில் குடிவந்த ஆள் வெளியே வரவே மாட்டார். அவர் வாசலில் கிடக்கும் செருப்பு ஒரு நாள் வெளியே பார்த்துக் கிடக்கும், ஒரு நாள் உள்ளே பார்த்து. கடைசியில் அது கீழ்வீட்டுப் பெண்ணின் வாசலில் கிடக்கும், உள்ளே பார்த்தபடி. அவ்வளவுதான் படம். அதைப் பார்த்தபிறகு கொஞ்ச காலம் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்காமலே உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

பயம் என்பது சாதாரணப் பொருள் ஒன்று இருக்கக்கூடாத இடத்தில் இருப்பது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று படம் சொல்லிவிட்டால் பயம் போய்விடும். இதுதான் என் கட்சி. என் மதினி ஒத்துக்கொள்ள மாட்டாள். "ஏட்டி, காரணம் சொல்லாம முடிச்சா அது படமா? துட்டு இல்லாம பாதியில நிறுத்திருப்பான்" என்பாள்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ பனியில் இருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் தென்காசியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். அவள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். நான் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். நாள் முழுக்க மண்டையோட்டையும் விலா எலும்பையும் பார்க்கிற எனக்கு எதற்கு இந்தப் படங்கள் என்று அவள் முதலில் கேட்டாள். பிறகு அவளே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை முடித்துவிட்டு ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தாள்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஓடுவதை நான் சத்தம் போட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். வேகத்தில் எங்கள் பேச்சுத்தான் வாயில் வரும். பனி கொட்டும் ஊரில் தொப்பி போட்ட பாதிரியார், "ஏட்டி, அங்கன போவாத, சொல்லுதேன் கேளு" என்பார். மதினி சிரித்துச் சிரித்து விக்கல் எடுப்பாள். ஆனால் யாராவது ஒரு சத்தம் கேட்டு, அது என்னவென்று பார்க்கக் கதவை நோக்கிப் போனால் சிரிப்பு நின்றுவிடும். "போகாதட்டீ! தெறக்காதட்டீ!" என்று இருவரும் சேர்ந்து கத்துவோம். அவர்கள் கேட்டதே இல்லை.

போன சீசனில் ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நானும் லீவு சொல்லிவிட்டேன். குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, பகல் முழுக்க ஒரு லாட்ஜில் ரூம் போட்டுப் படம் பார்ப்பது என்று திட்டம். லேப்டாப்பை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பேரருவியில் தண்ணீர், குளிப்பவர்களுக்கு மேலே கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் விரட்டினார்கள். சாரலிலேயே முழுசாக நனைந்து, பல்லைக் கிட்டித்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்தோம்.

மாடியில் வரிசையாக அறைகள். எங்களுக்குக் கடைசி அறைக்கு முந்தினது கிடைத்தது. உடை மாற்றி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படத்தைப் போட்டோம். பனி மலையில் ஒரு சத்திரம். அதில் ஒரு பெண் தனியாகத் தங்கியிருக்கிறாள். கதவுக்கு வெளியே அவள் தங்கையின் குரல் கேட்கிறது. தங்கையோ தூரத்தில் வேறு ஊரில் இருப்பவள். "அக்கா, குளிருது, தெற" என்கிறது குரல். சின்ன வயசில் இரண்டு பேர் மட்டுமே அறிந்த விஷயங்களையெல்லாம் அது சொல்கிறது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மதினி என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். "தெறக்காதட்டீ!" என்று கத்தினோம்.

அப்போதுதான் சுவரில் அந்தச் சத்தம் கேட்டது. தொப். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொப்.

படத்தில்தான் என்று நினைத்தேன். நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. எங்கள் கட்டில் ஒட்டியிருந்த சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, தரைக்குப் பக்கத்தில், ஏதோ ஒன்று மெல்ல மோதிக்கொண்டிருந்தது.

"குரங்கா இருக்கும்" என்றாள் மதினி.

"குரங்கு இப்படி நிதானமா தட்டுமா?"

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். எனக்குத் தனியாக உள்ளே இருக்கவும் பயம், வெளியே போகவும் பயம். அவள் பின்னாலேயே போனேன். கடைசி அறையின் கதவு வெளியே பூட்டியிருந்தது. நாதாங்கியில் பெரிய பூட்டு தொங்கியது. வெளியே பூட்டிய அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் பார்த்த படங்களெல்லாம் அந்த இடத்தில் ஒன்றாக வந்து நின்றன.  மதினியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க மதினி, கீழ போயிருவோம்" என்றேன். கீழே போய் மேனேஜரை அழைத்து வந்தோம். ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"அந்த ரூம்ல ஆளே இல்லம்மா. எல்லாரும் அஞ்சருவிக்குப் போயிருக்காவ. சாவியும் அவுககிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்தவர், சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அதுவரை அவர் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

"அவுக வரட்டும். வந்து தெறந்துக்கிடட்டும்" என்று பின்னால் நகர்ந்தார்.

மதினி கதவில் காதை வைத்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற தன் குரலில், "உள்ள யாரு?" என்றாள்.

சத்தம் நின்றது. வெளியே மழை மட்டும் கேட்டது. அந்த அமைதிதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

"ஆளு இருந்தா ரெண்டு தட்டு தட்டுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொப், தொப் என்று இரண்டு சத்தம்.

நான் கத்திவிட்டேன். ஆவியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன். மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, கடப்பாரை இருக்கா? ஒடைங்க" என்றாள். அவர் தயங்கினார். "நான் சொல்லுதேன், ஒடைங்க. எதுனாலும் நான் பாத்துக்கிடுதேன்."

நாதாங்கி ஆணியோடு பிய்ந்து வந்தது. அறைக்குள் விளக்கு எரியவில்லை. கட்டிலில் ஒரு போன் மட்டும் கிடந்தது. குளியலறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து தரையெல்லாம் நின்றது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேனேஜர் தோளால் இரண்டு தடவை முட்டினார். தகரக் கதவு மடங்கி, இடைவெளி வந்தது.

ஒரு அம்மா தரையில் கிடந்தார். குழாய் திறந்தபடி அவர்மேல் ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கப். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் திறந்து எங்களைப் பார்த்தது.

தூக்குவதற்காக மேனேஜர் குனிந்தார். அந்த அம்மாவின் காலைப் பார்த்ததும் எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அந்தக் கோலத்தை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது எக்ஸ்ரே மேஜையில் பார்க்கிறவள். "தூக்காதீங்க அண்ணாச்சி, இடுப்பு எலும்பு போயிருக்கு" என்றேன். குழாயை மூடினேன். மதினி இரண்டு கட்டிலின் போர்வைகளையும் கொண்டுவந்து அவர்மேல் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும் நான் அந்தக் காலை அசையாமல் பிடித்திருந்தேன். அது ஐஸ் மாதிரி இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவர்கள் வாசுதேவநல்லூர்க்காரர்கள். விழுந்து கிடந்த அந்த அக்கா காலையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொண்டு, பழைய முட்டுவலி காரணமாக, நான் ரூமில் வெந்நீரில் குளித்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று மகனையும் மருமகளையும் அனுப்பியிருக்கிறார். குரங்கு உள்ளே புகுந்துவிடும் என்று மகன் வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். எண்ணெய்ப் பாதம் ஈரத் தரையில் வழுக்கிவிட்டது. விழும்போது குழாயைப் பிடிக்கப் போய் அது திறந்துகொண்டது. கத்திப் பார்த்திருக்கிறார், மழை இரைச்சலில் வெளியே கேட்கவில்லை. தொண்டை கட்டியபிறகு கப்பால் சுவரைத் தட்டியிருக்கிறார். ஆம்புலன்ஸ் புறப்படும்போது மகன் தோளில் ஈரத்துண்டோடு ஓடி வந்தான். அந்தப் பூட்டின் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. அவன் அழுததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மழை விட்டபிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் வாசுதேவநல்லூருக்கு அவரைப் பார்க்கப் போனோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். முறுக்கு, பழம், காபி என்று மருமகள் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள். பேச்சு அந்த நாளுக்குத் திரும்பியபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் பக்கத்து ரூம்ல பேசுதது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பாத்ரூம் வெண்டிலேட்டர் சந்து வழியா."

மதினி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"'தெறக்காதட்டீ, தெறக்காதட்டீ'ன்னு சத்தம் போட்டியள்லா. நான் தட்டுதது உங்களுக்குக் கேட்டுட்டு, ஒருத்தி தெறக்கப் போறா, இன்னொருத்தி வேண்டாம்ங்கான்னு நெனச்சேன். எலும்பு ஒடஞ்ச வலிகூடத் தெரியல. எதுக்கு இவுக என் கதவத் தெறக்க வேண்டாம்ங்காவன்னு அதேதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு. நான் செத்துப்போயிட்டனோ, அதான் பயப்படுதாவளோன்னுகூடத் தோணிச்சு."

நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். எதிலும் இப்படி ஒரு இடத்தில் என் மூச்சு நின்றதில்லை. மதினி அவர் கையைப் பிடித்து, அது படம் என்று விளக்கிச் சொன்னாள். பனி, சத்திரம், தங்கை குரல், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பயந்த மாதிரியும் இருந்தது, ஆசையாகக் கேட்கிற மாதிரியும் இருந்தது.

"கடைசில அவ தெறந்தாளா?"

எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு நிறுத்திய படத்தை அப்புறம் நாங்கள் தொடவேயில்லை.

"இப்பப் பாக்க முடியுமா?"

என் போனில் தேடி எடுத்தேன். கட்டிலில் அவர் சாய்ந்துகொள்ள, இரண்டு பக்கமும் நாங்கள். பட்டப்பகல், தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. இந்தத் தடவை நான் மெதுவாகத்தான் சொன்னேன். யாரும் கத்தவில்லை. அந்தப் பெண் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திறக்கவில்லை. விடியும்வரைக்கும் குரல் கெஞ்சியது, பிறகு அழுதது, பிறகு நின்றுவிட்டது. காலையில் அவள் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. கீழே இறங்கிப் போகும்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. தங்கை பேசினாள். "அக்கா, நேத்து ஏன் நீ கதவைத் தெறக்கல?" என்றாள். அதோடு படம் முடிந்துவிட்டது.

வாசுதேவநல்லூர் அக்கா இருண்ட போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வெளிய நின்னது தங்கச்சிதானா?"

"தெரியாதுக்கா" என்றேன். "படத்துல சொல்லல."

"சொல்லாமலா முடிப்பாவ?" என்று மதினியைப் பார்த்தார். துட்டு இல்லாமல் நிறுத்தியிருப்பான் என்று மதினி எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் கை இன்னும் அவர் கையைப் பிடித்திருந்தது.

அடுக்களையில் ஒரு தட்டு கீழே விழுந்தது. மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்ல அத்தே, கை தவறிட்டு" என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இங்கன வந்து சொல்லு" என்றார் அந்த அக்கா. அவள் வந்து நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.