வடிவாம்பாள் போட்ட இரண்டாவது அடுப்பு

நெடுங்காட்டில் வடிவாம்பாள் வைத்த கத்திரி பட்டுப்போனதாக ஒருவரும் சொன்னதில்லை. ஆடியில் அகலச் சட்டியில் விதை தெளிப்பாள். மூன்றாவது இலை தலைகாட்டியதும் நாற்றைப் பிரித்து, அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சிகளில் ஒவ்வொன்றாக வைப்பாள். "தனிக்குடித்தனம் வச்சிட்டேன்" என்று சிரிப்பாள். ஓட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால்தான் கொல்லைக்கு. பிரிக்க நாள் தள்ளினால் வேரோடு வேர் பின்னிக்கொள்ளும், ஒன்றை இழுத்தால் மற்றதும் அறுந்துவிடும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவள்.

பெற்ற பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ!

எழுபத்தொன்பதாம் வருஷம் அவள் நாற்றுப் பிரிக்க உட்கார்ந்த அன்று, புதிதாகக் கல்யாணமான சின்னவன் சோமு வந்து நின்றான். மூத்தவன் சுப்பையனோடு அவனுக்கு ஏற்கெனவே கைகலப்பு.

"எங்கள தனியா வச்சிரும்மா. இல்லன்னா இங்க கொலதான் விழும்."

அவள் கையிலிருந்த கொட்டாங்கச்சி அவன் முகத்தில் போய் விழுந்தது.

"நான் உசுரோட இருக்கறவரைக்கும் இந்த வீட்ல ரெண்டு அடுப்பு எரியாதுடா!"

ஊர் சிரிக்குமே என்ற பயம்தான், வேறென்ன. நாற்றைப் பிரிக்காமலே எழுந்து போனாள்.

அந்த வாரமே சோமுவின் பெண்டாட்டி ராஜம் வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. சுப்பையன் தட்டை விசிறி அடித்தான். அது ராஜத்தின் நெற்றியைப் பிளந்தது. சோமு சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தான். வடிவாம்பாள் எழுந்திருப்பதற்குள் அண்ணன் தோளில் இறக்கிவிட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. இரண்டாவது வெட்டு கழுத்தில். சுவரெல்லாம் ரத்தம்.

சோமுவைப் போலீஸ் காரைக்காலுக்குக் கொண்டுபோயிற்று. சுப்பையனின் காரியம் முடிந்ததும் மூத்த மருமகளை அவள் அண்ணன்மார் அழைத்துப் போனார்கள்.

அன்றுதான் வடிவாம்பாள் நாற்றுச் சட்டியைப் பார்த்தாள். நாற்று நெட்டையாக வளர்ந்து நெருக்கியடித்து நின்றது. ஒன்றை இழுத்தாள். இரண்டு வந்தன, வேர் அறுந்து. ஆத்திரம் தாங்காமல் சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தாள். சிதறிய வண்டல் மண்ணை அள்ளிக் குழைத்து, தாழ்வாரத்தில் ஒரு அடுப்புப் போட்டாள்.

நெற்றித் தையலோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ராஜத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"போவாதடி. இது ஒன் அடுப்பு. நீ தனியா ஆக்கிக்க, நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

ராஜம் அந்த ஈர அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப யாருக்கு ஆக்கச் சொல்றீங்க, அத்தை?"