வெட்டுத் திருத்தம் இல்லாத பதினொரு படிவங்கள்

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடம். மகளின் மடிக்கணினித் திரையின் கீழ் மூலையில் அந்த நேரம் தெரிந்ததால் இன்றும் மறக்கவில்லை. தெமோதரைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் விடுதியில் முன்னறை ஜன்னலோரம் மட்டுந்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே மேசையைப் போட்டு அவள் வகுப்பில் இருந்தாள். தேநீர் கொண்டுபோன நான், திரையில் விழாதபடி சுவரோடு ஒட்டி நின்றேன். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் நாற்பது முகங்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும். ஆய்வு செய்யும் முறைகளை இணையவழியாகக் கற்றுக்கொடுக்கும் பத்து வாரப் பயிற்சி அது. அதில் தேறினால்தான் மகளின் ஆய்வைப் பல்கலைக்கழகம் பதிவு செய்யும். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் படிவரை ஏறியவள் அவள் ஒருத்திதான்.

பயிற்சியை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியை ஒருவர். மகள் பயிற்சிக்காக எடுத்த முப்பது கேள்விப் படிவங்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை.

"பிள்ளை, இந்தப் பத்தொன்பதிலயும் வெட்டியும் கொத்தியும் எழுதியிருக்கிறீர். சனம் கதைக்கேக்க அப்பிடித்தான் வரும். மற்றப் பதினொண்டிலயும் ஒரு வெட்டுக்கூட இல்லை. பதினொரு பேரும் ஒரே வசனத்தையோ சொன்னவை?"

அம்மா உதவி செய்ததாகவும், கேட்டுவிட்டுச் சொல்வதாகவும் மகள் சொன்னாள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க போய்க் கேட்டீங்களாம்மா?"

"எனக்குத் தெரியாத ஆளுகளா?" என்றேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்று மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்த அக்காவுடையது. அவர் இறந்து இன்றைக்கு நாற்பது நாள். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

இருபத்தேழு வருடங்களுக்கு முன் இந்தப் பாடசாலைக்கு வந்தபோது எனக்கு மலைப்பாதை பழக்கமில்லை. நான் பிறந்தது பதுளை டவுனில். முதல் வாரமே மழையில் காலெல்லாம் அட்டை ஏறி, நடுப்பாதையில் நின்று அழுதேன். கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, ஒவ்வோர் அட்டையாக விரலால் உருட்டி எடுத்தார். "இந்த அட்டைக்கே இப்படி அழுதா, எங்க புள்ளைகள எப்படி டீச்சர் சமாளிப்பீங்க? ரெண்டு சொட்டுக் குடிச்சிட்டுப் போகட்டும், அதுக்கும் பசிதானே" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. நான் மட்டும் அவருக்குக் கடைசிவரை டீச்சர்தான். என் கணவருக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். மகள் பிறந்த பிறகு நான் வகுப்பில் நிற்க, அவள் வளர்ந்தது பாதிக்குமேல் அக்காவின் இடுப்பில்.

தோட்டத்தில் யாருக்குக் கடதாசி வந்தாலும் அது என் மேசைக்கு வரும். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் விண்ணப்பம், எல்லாம் நான்தான் நிரப்புவேன். காலையில் எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போதே கடதாசிகளையும் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் மாலைவரை மலையில் கொழுந்து எடுப்பார்கள். ஆண்களுக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். ஆகவே மனைவியின் கடதாசியையும் கணவனே வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். ஆரம்பத்தில் நான் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் எழுதினேன். வருடங்கள் போகப் போக எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. யாருக்கு எத்தனை பிள்ளை, எது தங்கவில்லை, யார் எந்த வருடம் பிறந்தது. "எம் பொறந்த நாளு டீச்சருக்குத்தான் தெரியும், எனக்கே தெரியாது" என்று அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தோட்டத்துப் பெண்கள் தங்கள் நோயை எப்போது, யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் மகள் எடுத்துக்கொண்ட விடயம். பத்தொன்பது பேரை அவள் பார்த்து முடித்த நேரத்தில் காய்ச்சலில் விழுந்தாள். படிவங்களை அனுப்ப மூன்று நாள்தான் இருந்தது. நான் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். மெய்யாகவே கிளம்பினேன். முதல் லயத்தடிக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குளித்துவிட்டு அடுப்படியில் நிற்பவர்களைப் போய்த் தொந்தரவு செய்வதா என்று தோன்றியது. திரும்பி வந்து குசினி மேசையில் உட்கார்ந்து, பதினொரு பேருக்கும் நானே எழுதினேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாவது கேள்வி, 'சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட நோய் ஏதும் உண்டா?' என்பது. பதினொன்றிலும் ஒரே பதில் எழுதினேன்: அப்படி எதுவும் இல்லை.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மகளைத் தோட்டமே கூப்பிடுகிறபடி, பாப்பாவின் படிப்புக்கு என்று நானாகச் சொன்னேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டார். அவர் அந்தத் தாளை வாசித்தாரா? இந்த நாற்பது நாளும் அந்த நிமிடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய நகக்கண்ணில் இருந்த கொழுந்துக் கறை நினைவுக்கு வருகிறது. முகம் வரவில்லை. நான் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பிலேயே மகள் ஒலியைத் திறந்து, நாற்பது பேருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். அவளுடைய படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன். பேராசிரியை திரையிலிருந்த படங்களை மூடினார். பிறகு அந்தப் பதினொன்றையும் எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்குள் மறுபடி கேட்டு வரச் சொன்னார். "அம்மாவில கோவிக்காதையும், பிள்ளை. தெரிஞ்ச ஆக்களிட்டத்தான் நாங்கள் கேக்க மறக்கிறது" என்றார். மகள் கோபிக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு போய் ஜன்னலோரத்திலேயே சாப்பிட்டாள். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போனாள். அக்காவின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். சொந்த வீடு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணம். மதியம் போனவள் மூன்றரை மணிக்குத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பன்னிரண்டாவது கேள்விக்கான பதில் கோடுகளைத் தாண்டி, ஓரமெல்லாம் நிரம்பி, தாளின் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. எத்தனையோ வெட்டுகள். அக்காவுக்குத் தீட்டு நின்று ஐந்து வருடத்துக்குப் பிறகு மறுபடி உதிரம் படத் தொடங்கியிருக்கிறது. பதினான்கு மாதமாக. விடிவதற்கு முன்னால், மற்றவர்கள் தண்ணீருக்கு வருமுன், பீலிக்குப் போய்த் துணியை அலசிக் காயப்போட்டிருக்கிறார். வீட்டில்கூடத் தெரியாது. மகள் சொன்னபடியே எழுதுகிறேன்: "யாரும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பாப்பா. நானா வந்து எப்படிச் சொல்றது, வெக்கமா இல்ல?"

மகள் கேட்டுக்கொண்டதற்குச் சம்மதித்து, மறுநாளே என்னோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஹாலிஎல வரும்வரை என் குடையைக் கிண்டல் செய்துகொண்டு வந்தார். டீச்சர் இந்தக் குடையைப் பேரப்பிள்ளைக்கும் சீதனமாகக் கொடுப்பார் என்றார். நானும் சிரித்தேன். பரிசோதனைகள் முடிந்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கருப்பையில் ஆரம்பித்த புற்று வெளியிலும் பரவிவிட்டது, ஒரு வருடத்துக்கு முன் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்றார்.

ஒரு வருடத்துக்கு முன். அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று தோட்டத்து மருத்துவமாது அக்காவின் பழைய கோவையைத் தேடி என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு வருடத்துக்கு முன் தோட்டத்தில் நடந்த பெண்கள் பரிசோதனைக்கான தாள் ஒன்று இருந்தது. தொந்தரவு இருப்பதாக எழுதியவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அக்காவின் தாளில் ஏழு கேள்விக்கும் 'இல்லை', 'இல்லை' என்று எழுதியிருந்தது. மாணவர்களின் கொப்பிகளில் நான் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. அந்த வாரம் அப்படி முப்பது நாற்பது தாள் எழுதியிருப்பேன்.

அதை நான் மகளிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மூன்று தடவை போய் உட்கார்ந்தேன். போகும்போதெல்லாம் பாப்பாவின் வகுப்பு எப்படிப் போகிறது என்றுதான் கேட்டார். தன் பதில் சரியாக இருந்ததா, மேடம் என்ன சொன்னார் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் அவர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம், பெயரைச் சொல்லாமல், என்றேன். அது உண்மை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தார். பேரைச் சொல்லியிருக்கலாமே என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன பதினோராவது வாரம் போய்ச் சேர்ந்தார்.

மகள் பயிற்சியில் தேறிவிட்டாள். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அதை அச்செடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போதும் என்னோடு பேசுகிறாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். ஆனால் அவள் எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முன்பு அப்படி நிற்கமாட்டாள்.

காரியத்துக்குப் பிறகு நான் மேட்டு லயத்துப் பக்கம் போகவில்லை. அக்காவின் புருஷனை, நான் அண்ணன் என்று கூப்பிடுபவரை, பாதையில் கண்டால் வேறு வழியாகத் திரும்பிவிடுவேன். அந்தப் பரிசோதனைத் தாளைப் பற்றி மருத்துவமாது அவரிடமும் பேசியிருக்கிறார் என்று தெரியவந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வெளியே யாராவது செருமினால்கூட அவர்தானோ என்று ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன்.

நேற்று மதியம் அவர் வந்தார். வேலை முடிந்து, மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கட்டும், நான் முழுவதையும் சொல்லிவிடுகிறேன் என்று இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தத் தாளப் பெரட்டுல வாங்குனது நாந்தான் டீச்சர். அன்னைக்கு அவ மலைக்குப் போகல, வீட்டுலதான் இருந்தா. வீட்டத் தாண்டித்தான் ஒங்ககிட்டக் கொண்டாந்து குடுத்தேன். அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."